கோயில் கதவு பூட்டியிருந்த நாட்களில்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பாடசாலை எங்களுக்குத் தந்த சேவை மனப்பான்மை" என்ற தலைப்பில் பேசும்படி தலைவி என்னிடம் கேட்டார். அது பெரிய தலைப்பு. நான் பேச்சாளர் அல்ல. வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். யாழ்ப்பாணக் கரையோரத்தில் ஒரு கத்தோலிக்கப் பங்கில் பொருளாளராக இருப்பவள். எனக்குத் தெரிந்தது கணக்கு. ஆகவே கணக்கே சொல்கிறேன். 2020 ஆம் ஆண்டு எங்கள் கோயில் கதவு பூட்டியிருந்தபோது உங்களில் பலர் காசு அனுப்பினீர்கள். பற்றுச்சீட்டு அனுப்பினேன், நன்றிக் கடிதமும் எழுதினேன். ஆனால் முழுக் கணக்கை இதுவரை சொல்லவில்லை. அதில் என்னுடைய பிழைகளும் இருப்பதால் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். நூற்றாண்டு விழாவில் அதைச் சொல்லிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன்.

எங்கள் பாடசாலையில் சைவப் பிள்ளைகளும் நாங்களும் ஒரே வாங்கில் இருந்து படித்தோம். அந்தச் சகோதரிகளுக்காகச் சில விடயங்களை விளக்கிச் சொல்வேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கத்தோலிக்கருக்கு ஞாயிறு பூசை விரும்பினால் போகும் காரியம் அல்ல, கடமை. நோய், தூரம், குரு இல்லாமை போன்ற பாரதூரமான காரணம் இருந்தால் மட்டுமே விலக்கு. திருச்சபைச் சட்டத்தின் 1248 ஆம் பிரிவு, அப்படிப் போக முடியாத நாளில் குடும்பமாகவோ தனியாகவோ செபத்தில் நேரத்தைச் செலவிடும்படி சொல்கிறது. சின்ன வயதில் மறைக்கல்வி வகுப்பில் இதைப் படித்தபோது, இப்படி ஒரு நாள் ஊருக்கே வரும் என்று யார் நினைத்தோம்?

எங்கள் நாட்டில் அது இரண்டு வருடம் அடுத்தடுத்து வந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை, கொச்சிக்கடை புனித அந்தோனியார் கோயிலிலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் கோயிலிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. அடுத்த ஞாயிறு, ஏப்ரல் 28, பொதுப் பூசைகள் நிறுத்தப்பட்டன. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை தம்முடைய இல்லத்துச் சிற்றாலயத்தில் ஒப்புக்கொடுத்த பூசையைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அது துக்கத்தின் அமைதி. சில கிழமைகளில் கதவுகள் திறந்தன, வாசலில் பைகளைச் சோதிக்கும் தொண்டர்களோடு.

2020 மார்ச் நடுப்பகுதியில் கொரோனாவால் மறுபடியும் பூசைகள் நின்றன. மார்ச் 20 பின்னேரம் ஆறு மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம். அது தபசுகாலம். ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு, 10 பெரிய வெள்ளி, 12 உயிர்த்த ஞாயிறு. திருநாளைப் பிந்திய திகதிக்கு மாற்ற முடியாதா என்று பலர் கேட்டார்கள். முடியாது என்று வத்திக்கானிலிருந்து கட்டளை வந்தது. பெரிய வாரச் சடங்குகளைக் குருக்கள் மக்கள் இல்லாமலே நடத்த வேண்டும். பெரிய வியாழனில் பாதம் கழுவும் சடங்கை விட்டுவிட வேண்டும். மார்ச் 27 ஆம் திகதி மழை தூறும் வெறும் சதுக்கத்தில் பாப்பரசர் பிரான்சிஸ் தனியே நின்று உலகத்துக்கு ஆசீர் கொடுத்த காட்சியை மறந்திருக்கமாட்டீர்கள். சைவச் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தையில் சொல்வதானால், நல்லூர்த் தேர் நாளில் வீதிக்கு வராதே என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படி.

"இது எங்களுக்குப் புதிசே பிள்ளை?" என்று ஊரில் ஒரு பெரியவர் கேட்டார். உண்மைதான். 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. 1687 இல் புனித யோசப் வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் இலங்கைக்கு வரும் வரைக்கும், குருக்கள் இல்லாமல், மூப்பர்களும் குடும்பத்துப் பெரியவர்களும்தான் வீட்டுக்குள் செபத்தைக் காப்பாற்றினார்கள். அவருக்குப் பின் வந்த யாக்கோமே கொன்சல்வேஸ் அடிகளார் தமிழில் எழுதிய வியாகுலப் பிரசங்கத்தை இன்றைக்கும் தபசுகாலத்தில் இராகத்தோடு படிக்கிறோம்.

எங்கள் தலைமுறைக்கும் பூட்டிய கோயில்கள் தெரியும். 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வந்த சனங்களின் கோயில்கள் எத்தனை வருடம் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தன! 1995 ஒக்ரோபர் 30 இரவு தென்மராட்சிக்கு நடந்தவர்கள் இந்த மண்டபத்தில் நிறையப் பேர் இருக்கிறோம். 2008 ஏப்ரலில் மடு மாதாவின் திருச்சுருவத்தையே தேவன்பிட்டிக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது.

ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. அதைக் கவனிக்க எனக்குக் கொஞ்ச நாள் எடுத்தது. அப்போதெல்லாம் கோயிலை விட்டு வந்தோம், ஆனால் ஆட்கள் ஒன்றாக இருந்தோம். சாவகச்சேரிப் பக்கம் ஒரு மாமரத்தின் கீழ் பூசை நடந்தபோது, பக்கத்தில் நின்றவர் தோள் என் தோளில் முட்டியது. யார் வரவில்லை, யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் அரிசி இல்லை என்று பூசை முடிவதற்குள் தெரிந்துவிடும். 2020 இல் கோயில் அப்படியே நின்றது, ஒரு ஓடுகூட உடையவில்லை. ஆட்கள்தான் சந்திக்க முடியவில்லை. பக்கத்து ஒழுங்கையில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருந்தோம். எங்கள் பிழைகள் எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கின.

முதலில் காசுக் கணக்கைச் சொல்கிறேன். ஒரு பங்கு எப்படி ஓடுகிறது என்று பலருக்குத் தெரியாது. ஆயர் இல்லத்திலிருந்து காசு வருகிறது, வெளிநாட்டிலிருந்து வருகிறது என்று நினைப்பார்கள். எங்களைப் போன்ற பங்கில் ஞாயிறு காணிக்கைதான் அடுப்பு எரிக்கும் விறகு. அதோடு உண்டியல், மெழுகுதிரி, பூசைக் கருத்துக்குக் கொடுக்கும் காணிக்கை, கலியாணம், திருவிழா உபயம், கடற்றொழிலாளர் ஒரு நாள் பாட்டிலிருந்து கோயிலுக்கென்று ஒதுக்கும் மீன். செலவு என்றால் மின்சாரம், தண்ணீர், அப்பம், இரசம், பங்குத்தந்தையின் சாப்பாடு, மறைக்கல்விப் புத்தகங்கள், வின்சன் டி போல் சபை ஊடாக ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுப்பது, கோயில் பணியாளரின் சம்பளம். வழிபாட்டுக்கும், அறப்பணிகளுக்கும், பணியாளர்களின் நியாயமான வாழ்வுக்கும் வேண்டியதைத் திருச்சபைக்குக் கொடுத்து உதவுவது விசுவாசிகளின் கடமை என்று 222 ஆம் சட்டம் சொல்கிறது. இதில் "பணியாளர்களின் வாழ்வு" என்ற சொல்லைப் பொருளாளராகிய நான் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன்.

கதவு பூட்டியதும் வரவு ஒரே நாளில் நின்றது. செலவு நிற்கவில்லை. கடலுக்குப் போக முடியாததால் மீனும் இல்லை. பங்கில் நாட்கூலிக்குப் போகும் குடும்பங்கள் பல. அவர்களிடம் காணிக்கை கேட்பதா? பங்குத்தந்தை கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அந்த நேரம்தான் உங்கள் காசு வந்தது. இளைஞர் ஒன்றியத்துப் பிள்ளை ஒருவன் தன் கைத்தொலைபேசியைச் செங்கல் மேல் நிறுத்தி வைத்து ஞாயிறு பூசையை முகநூலில் ஒளிபரப்பினான். படம் ஆடியது, சத்தம் விட்டு விட்டு வந்தது. அதைப் பார்த்துவிட்டு லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேர்ணிலும் இருக்கும் எங்கள் பிள்ளைகள் வட்ஸ்அப் குழுவில் பேசி, நல்ல கமராவும் மைக்கும் வாங்கச் சொல்லிக் காசு அனுப்பினார்கள். இரண்டே நாளில் சேர்ந்தது. பார்க்கக் கண் கலங்கியது. நான் கொப்பியில் "கமரா நிதி" என்று தலைப்புப் போட்டு, ஒவ்வொருவர் பெயரையும் எழுதி, கீழே கோடு கீறினேன். கடைகள் பூட்டு. காசு வங்கியில் கிடந்தது.

எங்கள் கோயில் பணியாளர் ஒவ்வொரு நாளும் மூன்று வேளையும் திரிகால செப மணி அடிப்பவர். ஊரடங்கிலும் மணி நிற்கவில்லை. அவர் வீடு கோயில் வளவுக்குப் பின்னால்தான். மார்ச் கடைசியில் ஒரு நாள் பங்குத்தந்தை எனக்குத் தொலைபேசி எடுத்தார். "ரீச்சர், அவருக்கு இந்த மாதம் சம்பளம் குடுத்தாச்சோ?" என்று கேட்டார். வங்கியில் வேலை செய்த என்னையும் அவர் ரீச்சர் என்றுதான் கூப்பிடுவார். நான் கொப்பியைப் பார்த்தேன். அவருடைய சம்பளத்தைக் கிழமைக்குக் கிழமை ஞாயிறு காணிக்கையிலிருந்துதான் கொடுத்து வந்தோம். காணிக்கை இல்லை, ஆகவே சம்பளமும் இல்லை. இரண்டு கிழமையாக அந்தக் கட்டத்தில் ஒன்றும் எழுதப்படவில்லை. கலியாணம், திருவிழா என்று கிடைக்கும் கைக்காசும் இல்லை. சந்திக் கடையில் கடன் கொப்பி நிறைந்துவிட்டது. அன்று காலை அவர் வெறும் பிளேன்ரீயோடு மணி அடித்துவிட்டுப் படியில் இருந்ததைப் பங்குத்தந்தை கண்டிருக்கிறார். கேட்டால் "ஒண்டும் இல்லை சுவாமி" என்றாராம்.

நானும் அந்த மணியைக் கேட்டுத்தான் வீட்டில் செபம் சொன்னேன். ஒரு நாளுக்கு மூன்று முறை கேட்டேன்.

கையில் இருந்த காசை உடனே கொடுத்தனுப்பினேன். பிறகு யோசித்தேன். வங்கியில் கமரா நிதி கிடக்கிறது, ஆனால் அதைத் தொடலாமா? ஒரு நோக்கத்துக்குத் தந்த காசை இன்னொன்றுக்குச் செலவழிக்கக் கூடாது என்பது நான் படித்த ஒழுங்கு. இந்தப் பாடசாலையில் படித்த ஒழுங்கும் அதுதான். இரவு முழுக்க நித்திரை இல்லை. விடிந்ததும் காசு சேர்த்துத் தந்த லண்டன் தோழிக்கு எடுத்தேன். அங்கேயும் கோயில்கள் பூட்டு; இங்கிலாந்தில் பொது வழிபாடு மறுபடி தொடங்கியது யூலை 4 ஆம் திகதிதான். விடயத்தைச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எடி, எங்களுக்கு வடிவாத் தெரியோணும் எண்டு கமரா கேட்டனாங்கள். மணி அடிக்கிறவருக்குச் சாப்பாடு இல்லையெண்டால் நாங்கள் எதைப் பாக்கிறது? அவருக்குக் குடு. குழுவிலை நான் சொல்லுறன்" என்றாள். மாலைக்குள் ஒருவர் தவறாமல் எல்லோரும் சம்மதம் எழுதினீர்கள். அது எனக்கு நீங்கள் செய்த பெரிய உதவி. காசைவிட அந்தச் சம்மதம் பெரிது.

கமராவைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஒளிபரப்பு படுக்கையில் இருந்தவர்களுக்கு ஆறுதலாக இருந்தது. தூரத்தில் இருக்கும் உங்களுக்குச் சொந்தக் கோயிலின் பீடத்தைக் காட்டியது. ஆனால் கோயிலுக்குப் பக்கத்து ஒழுங்கையில் இருந்த ஆச்சிமாருக்கு அது எட்டவில்லை. பட்டன் தொலைபேசி வைத்திருந்தவர்கள் பலர். ஸ்மார்ட் போன் இருந்த வீட்டிலும் டேற்றா போடக் காசில்லை. மெல்பேர்ணில் இருந்தவர் பூசை கண்டார், மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் காணவில்லை.

இதைக் கண்ட பிறகுதான் நாங்கள் ஐந்து பெண்கள் ஒரு வேலையைத் தொடங்கினோம். ஐந்தில் மூன்று பேர் இந்தப் பாடசாலைப் பிள்ளைகள். ஒரு அப்பியாசக் கொப்பி எடுத்தோம். பங்கை ஒழுங்கை ஒழுங்கையாகப் பிரித்தோம். ஒவ்வொரு வீட்டுக்கும் கிழமைக்கு இரண்டு முறை தொலைபேசி. கேட்க வேண்டியது மூன்று: சாப்பாடு இருக்கிறதா, மருந்து இருக்கிறதா, யாராவது தனியே இருக்கிறார்களா. ஒழுங்கையில் இருக்கும் சைவக் குடும்பங்களையும் சேர்த்தே எழுதினோம். பசி சமயம் பார்க்காது.

சாப்பாட்டுக் கேள்விக்கு வழி இருந்தது. அரசாங்கத்தின் ஐயாயிரம் ரூபாய்க் கொடுப்பனவு யாருக்குக் கிடைத்தது, யாருடைய பெயர் விடுபட்டது என்று பார்த்து கிராம அலுவலரிடம் சொன்னோம். பாஸ் இருந்த இளைஞர்கள் உலர் உணவுப் பொதிகளைக் கொண்டுபோனார்கள். மருந்துதான் கஷ்டம். கிளினிக் மருந்தைத் தபால் மூலம் வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு வந்தது. ஆனால் கிளினிக் கொப்பியில் இருந்த விலாசம் பலருக்கு இடம்பெயர்வுக்கு முந்திய பழைய விலாசம். சரியான விலாசத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் வைத்தியசாலைக்குச் சொல்லிக் கொடுப்பதே ஒரு கிழமை வேலையானது. நீரிழிவு, பிரஷர் மருந்து நின்றுபோன வீடுகளைக் கண்டுபிடித்தது அந்தக் கொப்பியால்தான்.

மூன்றாவது கேள்வியில்தான் என்னுடைய இரண்டாவது பிழை.

எங்கள் பங்கில் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் இருந்தார். இந்தப் பாடசாலையில் படித்து, பிறகு ஊர்ப் பாடசாலையில் மூன்று தலைமுறைக்குக் கற்பித்தவர். கணவர் காலமாகிவிட்டார், மகன் கனடாவில். கொப்பியில் அவர் பெயருக்கு எதிரே என் கையெழுத்தில் "மகன் வெளிநாடு, தேவையில்லை" என்று இருக்கிறது. வசதியானவர், நிவாரணம் தேவைப்படாத வீடு, ஆகவே தொலைபேசிப் பட்டியலிலும் சேர்க்கவில்லை. நிவாரணப் பட்டியலையும் விசாரிக்கும் பட்டியலையும் ஒன்றாக்கிவிட்டேன்.

பெரிய வியாழன் காலை கனடாவிலிருந்து மகன் எனக்கு எடுத்தார். "அன்ரி, அம்மாவின்ரை போன் வேலை செய்யேல்லை. ஒருக்காப் பாக்கச் சொல்லுறியளே?" என்று கேட்டார். பாஸ் இருந்த தம்பி ஒருவரை அனுப்பினேன். ரீச்சர் படலைக்குள் நின்றாராம், ஞாயிறு பூசைக்கு உடுக்கும் வெள்ளைச் சேலையோடு. தொலைபேசி பழுதாகிவிட்டது. திருத்தக் கடை இல்லை. வீட்டில் அரிசி, பருப்பு, மருந்து எல்லாம் இருந்தது. தம்பி தன் தொலைபேசியை மதில் மேல் வைத்துத் தள்ளி நிற்க, அவர் எடுத்து என்னோடு பேசினார். "பிள்ளை, எனக்குச் சாப்பாடு இருக்குது. பத்தொன்பது நாளா என்ரை பேரைச் சொல்லி ஒருத்தரும் கூப்பிடேல்லை" என்றார். ஊரடங்கு தொடங்கிய நாளிலிருந்து எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு அந்த நாள் பாடம் சொன்ன மாதிரித்தான் சொன்னார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர், "மன்னிப்பு இருக்கட்டும், எனக்கு ஒரு போனும் உங்கடை கொப்பியிலை பாதியும் தா" என்றார். இளைஞர் ஒன்றியத்திலிருந்து ஒரு பழைய பட்டன் தொலைபேசி போனது. அதற்குப் பிறகு எங்கள் ஐவரில் ஒருவராலும் செய்ய முடியாததை அவர் செய்தார். பங்கில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். நாங்கள் கேட்டால் "ஒண்டும் வேண்டாம் அக்கா" என்று சொல்லும் வீடுகள், ரீச்சர் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடும். முதல் நன்மை எடுக்க ஆயத்தமாகிய பிள்ளைகளுக்குத் தொலைபேசியிலேயே செபங்களைப் பாடமாக்கினார். தினமும் மாலை நான்கு மணிக்கு ஒரு பிள்ளை, கிழமைக்கு ஏழு பிள்ளைகள். உதவி தேவையில்லை என்று நான் எழுதி வைத்த ஆள்தான் எங்களுக்குப் பெரிய உதவியாக வந்தார்.

அந்தப் பெரிய வாரத்தை எப்படிக் கழித்தோம் என்றும் சொல்ல வேண்டும். குருத்தோலை ஞாயிறன்று அவரவர் வளவில் வெட்டிய ஓலையைப் படலையில் கட்டினோம். பெரிய வியாழன் சடங்கில் பாதம் கழுவுதல் இல்லை என்றதும், ஒரு வீட்டில் பேத்தி தானாகவே பாட்டியின் காலைக் கழுவி விட்டாளாம். பெரிய வெள்ளி மத்தியானம் வியாகுலப் பிரசங்கம் படிக்கும் எங்கள் பெரியவர், தன் வீட்டு விறாந்தையில் இருந்து படித்தார். ஒழுங்கை முழுக்க மற்றச் சத்தம் இல்லாததால் ஏழெட்டு வீட்டுக்கு அது கேட்டது. சில விடயங்களை ஈடுசெய்ய முடியவில்லை. தொலைபேசியில் பாவசங்கீர்த்தனம் செய்ய முடியாது. நற்கருணை வாங்க முடியாது. ஆன்மீக முறையில் உட்கொள்ளும் செபத்தைச் சொல்லிக்கொண்டோம். செத்த வீடுகளுக்கு நாலைந்து பேருக்கு மேல் போக முடியவில்லை. பங்குத்தந்தை முகக்கவசத்தோடு போய் நோயில் பூசுதல் கொடுத்துவிட்டு வாசலோடு திரும்பினார்.

ஆனால் ஒன்றைப் பலர் அறியாமல் இருந்தார்கள். ஒவ்வொரு ஞாயிறும் கடன் திருநாளும் பங்குத்தந்தை தம் பங்கு மக்களுக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும். 534 ஆம் சட்டம் அதைக் கடமையாக வைத்திருக்கிறது. அதற்குக் காணிக்கை இல்லை, யாரும் கேட்டுப் பதியவும் தேவையில்லை. பூட்டிய கதவுக்குப் பின்னால் எங்கள் எல்லோருடைய பெயருக்கும் அந்தப் பூசை நடந்துகொண்டே இருந்தது. இதை ரீச்சர் தன் பட்டியலில் இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் சொன்னார். "நீங்கள் கோயிலுக்குப் போகாட்டிலும் கோயிலிலை உங்களைச் சொல்லுகினம்" என்பார். உயிர்த்த ஞாயிறுக்கு முதல் நாள் இரவு எங்கள் பணியாளர் வழமையைவிட நீண்ட நேரம் மணி அடித்தார். ஒழுங்கைகளில் படலைக்குப் படலை விளக்கு வைத்திருந்தார்கள். சைவ வீடுகள் சிலவும் வைத்திருந்தன.

யூன் மாதம் எண்ணிக்கைக் கட்டுப்பாட்டோடு கதவு திறந்தது. பிறகும் பூட்டித் திறந்தோம். அந்தக் கதை உங்களுக்குத் தெரியும். இப்போது கணக்கின் முடிவுக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய காசில் முதலில் பணியாளரின் நிலுவைச் சம்பளம் கொடுத்தோம். அடுத்து மின்சாரக் கட்டணம், மருந்து, உணவுப் பொதி. மிச்சத்தை வைத்து ஒரு சிறிய நிதி தொடங்கினோம்: பணியாளரின் மூன்று மாதச் சம்பளம் எப்போதும் வங்கியில் இருக்க வேண்டும், அதை வேறு எதற்கும் தொடக் கூடாது என்று பங்குப் பேரவையில் தீர்மானம் எழுதினோம். கமராவும் பிறகு ஒரு வருடம் கழித்து வாங்கினோம், சின்னதாக.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகளிடம் மூன்று விடயம் கேட்கிறேன். பங்குக்காகக் கேட்கிறேன், எங்கள் பாடசாலைக்கும் அது பொருந்தும்.

முதலாவது, காசு அனுப்பும்போது ஒரு பொருளின் பெயரைச் சொல்லி அனுப்புவதற்கு முன், அங்கே யார் சம்பளத்தில் வாழ்கிறார்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள். மணி அடிப்பவர், கூட்டுபவர், இரவுக் காவலாளி, பாலர் வகுப்பு ரீச்சர். கட்டடத்தில் பெயர்க்கல் வைக்கலாம். சம்பளத்தில் பெயர்க்கல் வைக்க முடியாது. அதனால்தான் அதற்குக் காசு வருவது குறைவு.

இரண்டாவது, முடிந்தவர்கள் ஒரே தடவையில் பெரிய தொகை அனுப்புவதைவிட மாதாமாதம் சிறிய தொகை அனுப்புங்கள். திருவிழாவுக்கு வரும் காசை நம்பிப் பங்கின் மின்சாரக் கட்டணத்தைக் கட்ட முடியாது. "எது அவசியமோ அதுக்கு" என்று எழுதிவிட்டால் பொருளாளர்மார் இரவில் நித்திரை கொள்வோம். அதற்குப் பதிலாக வருடக் கணக்கைக் கேளுங்கள். அனுப்ப வேண்டியது எங்கள் கடமை.

மூன்றாவதுக்குக் காசு வேண்டாம். உங்களுக்குக் கற்பித்த ஒருவர், உங்களோடு படித்து ஊரில் தங்கிவிட்ட ஒருவர், உங்கள் அம்மாவின் பழைய அயலவர் ஒருவர், யாராவது ஒருவரின் இலக்கத்தைத் தேடி எடுத்து அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். "இருக்கிறீங்களோ, சாப்பிட்டாச்சோ" என்று கேட்டால் போதும். அவர்கள் வசதியாக இருக்கிறார்கள், பிள்ளைகள் பார்ப்பார்கள் என்று என்னைப் போல எழுதி வைத்துவிடாதீர்கள். நீங்கள் வாழும் ஊரிலும் ஒரு கோயிலோ ஆலயமோ இருக்கும். அங்கேயும் பத்தொன்பது நாள் எண்ணும் ஒருவர் இருப்பார்.

எங்கள் சங்கத்தின் நூறு வருடத்தை நினைத்துப் பார்க்கிறேன். இடம்பெயர்ந்து பிரிந்த காலத்திலும் யார் எங்கே இருக்கிறார்கள் என்று விலாசம் எழுதி வைத்த அக்காமார் இல்லையென்றால் இன்றைக்கு இந்த மண்டபம் நிறைந்திருக்காது. அவர்களிடமும் ஒரு கொப்பிதான் இருந்தது.

ரீச்சர் போன வருடம் இறைவனடி சேர்ந்தார். கோயில் நிறைய ஆட்கள் நின்று அவரை வழியனுப்பினோம். அவர் படிப்பித்த அந்த முதல் நன்மைப் பிள்ளைகள் பாடினார்கள். எங்கள் பணியாளர்தான் மணி அடித்தார். கொப்பி இன்னும் நடக்கிறது. கொரோனா போய்விட்டதே, இனி எதற்கு என்று பேரவையில் ஒருவர் கேட்டார். முதல் பக்கத்தில் "மகன் வெளிநாடு, தேவையில்லை" என்ற என் கையெழுத்தை அவருக்குக் காட்டினேன். அதை நான் வெட்டவில்லை. வெட்டுவதும் இல்லை.

 அடுத்த நூறு வருடத்தையும் இறைவன் ஆசீர்வதிப்பாராக.